பழைய கேமிங் பிசி: சரி பண்றதா, தூக்கிப் போடறதா?

கேள்வி: அண்ணா வணக்கம், ஊரு காவேரிப்பட்டணம், ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. 2018ல காலேஜ் சேந்தப்ப அப்பா மாங்கா வித்த காசுல வாங்கிக் குடுத்த பிசி இது. ஐ5 7400 ப்ராசஸர், 1050 டிஐ 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், எச்110 மதர்போர்டு, மானிட்டர் 1080பி 60 ஹெர்ட்ஸ். விண்டோஸ் 10 தான் ஓடுது. இப்ப எந்த புது கேம் போட்டாலும் திக்கித் திக்கி நிக்குது, ஆன் பண்ணிட்டு போய் டீயே குடிச்சுட்டு வந்துடலாம். கடைல கேட்டா இது இனி வேலைக்காகாது, புதுசுக்கு 80 ஆயிரம் எடுத்துட்டு வாங்கறாங்க. கைல இருக்கறது 35 ஆயிரம். என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, கடைக்காரர் சொன்னதுல பாதி சரி. போர்டும் ப்ராசஸரும் வேலைக்காகாது, அது நிஜம். ஆனா கேபினட், மானிட்டர், ரேம், கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு?

காசு எடுக்கறதுக்கு முன்னாடி ஓசில ஒரு டெஸ்ட் பாத்துடுங்க. கேம்ல ரெசல்யூஷனை 1080ல இருந்து 720க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் வருதுங்கற கணக்கு, நல்லா ஏறுச்சுன்னா திணறுறது கார்டு, அப்படியே நின்னா ப்ராசஸர். இன்னொன்னு, எப்பவுமே ஒரே சீரா கம்மியா ஓடறது வேற, நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு திக்கறது வேற. முதலாவது பெரும்பாலும் கார்டு வேலை, ரெண்டாவது பெரும்பாலும் ப்ராசஸர், ரேம், டிஸ்க் பண்ற வேலை. நீங்க எழுதினது ரெண்டாவது. 7400ல 4 கோர் 4 த்ரெட் தான், அதோட 8 ஜிபி ரேம், அதுவும் ஒரே ஸ்டிக்குங்கறதால ஒத்த வழில ஓடற சிங்கிள் சேனல், அதுக்கும் கீழ ஹார்ட் டிஸ்க், திக்காம என்ன பண்ணும்.

அப்புறம் மூடியைக் கழட்டிப் பாருங்க. என் வீடு தர்மபுரில ஒகேனக்கல் ரோட்டு ஓரம், லாரி போற புழுதி பூரா என் கேபினட்டுல தான் குடி இருந்துச்சு, ஆறு மாசம் ப்ராசஸர் போச்சுன்னே நெனச்சுட்டு இருந்தேன், கடைசில பாத்தா கூலர்ல கம்பளி மாதிரி தூசி, ஊதிட்டு தெர்மல் பேஸ்ட் மாத்தினதும் அடங்கிடுச்சு. 2018ல வச்ச பேஸ்ட் உங்களுதுல காஞ்சு போயிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால புடிச்சுக்கங்க, சும்மா சுத்த விடாதீங்க.

இப்ப காசு விஷயம். நான் பாக்கறது ஒன்னே ஒன்னு தான், இன்னைக்கு வாங்கற சாமான் நாளைக்கு வேற மெஷினுக்கும் கூட வருமா? யாராவது "பழைய ஐ7 7700 இருக்கு, சும்மா மாட்டிக்கோ"ன்னு சொன்னா வாங்காதீங்க. உங்க 7400ம் அந்த 7700ம் 7வது ஜெனரேஷன், உங்க போர்டுல அதுக்கு அடுத்த ஜெனரேஷன் எதுவும் ஏறாது, 8வது ஜெனரேஷனுக்கும் ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட் அதே 1151 தான் ஆனாலும் எச்110ல ஓடாது. விண்டோஸ் 11 இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்து தான் முறைப்படி எடுத்துக்கும், அதனால 7700 போட்டாலும் நீங்க வெளில தான் நிப்பீங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சு போச்சு, தனியா பதிஞ்சுக்கிட்டா செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் வரும்.

அதனால போர்டு, ப்ராசஸர் ரெண்டை மட்டும் மாத்துங்க. ஏஎம்டி ரைசன் 5 5600ம் பி550 போர்டும், இல்லன்னா இன்டெல் ஐ5 12400எஃப்ம் டிடிஆர்4 ரேம் ஏறற எச்610 போர்டும். ரெண்டுமே 6 கோர் 12 த்ரெட். எச்610 வாங்கும்போது டிடிஆர்4 தானான்னு ரெண்டு தடவ கேளுங்க, அதே பேர்ல டிடிஆர்5 போர்டும் விக்குது. ஏன் டிடிஆர்4ன்னா 2025 கடைசில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறி கெடக்கு, உங்க கைல இருக்கற 8 ஜிபி ஸ்டிக்கு டிடிஆர்4 தான்னா (கழட்டி ஸ்டிக்கரைப் பாத்துக்கங்க) அதுவே இப்ப சொத்து, இன்னொரு 8 சேத்தா 16, டூயல் சேனலும் ஆச்சு. ரைசன் 5600 உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்டும் முடிஞ்சு போன ரோடு தான், மறைக்கல, ஆனா நாலஞ்சு வருசம் தாங்கும்னு நான் நம்பறேன். கூட ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸ் அதுல போட்டுட்டீங்கன்னா டீ குடிக்க நேரம் இருக்காது.

கார்டு இப்ப வேணாம். ஆனா 1050 டிஐயை கழட்டி வித்துடாதீங்க, 5600லயும் 12400எஃப்லயும் உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம ஸ்க்ரீன்ல ஒன்னும் வராது. அடுத்த போனஸ்ல ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒன்னு பாருங்க, 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அதுக்கு மேல போறது வீண். அதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி. 1050 டிஐ 75 வாட்டுக்குள்ள போர்டுல இருந்தே கரண்ட் எடுத்துக்கும், 6600 132 வாட், தனியா 8 பின் ஒயர் வேணும். கேபினட்டோட வந்த ஓசி எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்டுன்னு ஸ்டிக்கர் இருக்கும், அதை நம்பி புது கார்டை மாட்டாதீங்க.

கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கற பெங்களூர் எஸ்பி ரோடு உங்களுக்கு பஸ் தூரம் தான், போய் விலை கேளுங்க, ஆனா ஜிஎஸ்டி பில், அதுல சீரியல் நம்பர் ரெண்டும் இல்லாம வாங்காதீங்க. பிரச்சனைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிடலாம். பெங்களூர்ல வாங்கினாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல.

கேள்வி: அரூர்ல இருந்து எழுதறேன். ஆன்லைன்ல ஒருத்தர் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட் விக்கறார், "லைட்டா தான் யூஸ் பண்ணேன்"ங்கறார். வாங்கலாமா?

பதில்: எல்லாரும் லைட்டா தாங்க யூஸ் பண்ணிருக்காங்க. 3060 வந்தது 2021ல, ராத்திரி பகலா கார்டை ஓட விட்டு ஈத்தர்ங்கற கிரிப்டோ காசு எடுக்கற மைனிங் நின்னது 2022 செப்டம்பர்ல, நடுவுல அந்த கார்டு எங்க இருந்துச்சுன்னு பில் தேதிய பாருங்க. நேர்ல போய் அரை மணி நேரம் கேம் ஓட விட்டு சூடு, ஃபேன் சத்தம் ரெண்டையும் கவனிங்க, பில்லுல இருக்கற சீரியல் நம்பர் கார்டு ஸ்டிக்கர்லயும் இருக்கணும், ஸ்டிக்கரை சுரண்டி இருந்தா எழுந்து வந்துடுங்க. கடை வச்சு விக்காத தனி ஆள்கிட்ட வாங்கினா நுகர்வோர் கோர்ட் கைகுடுக்காது, அதனால அட்வான்ஸ்னு ஒத்த ரூபா கூட முன்னாடி அனுப்பாதீங்க.