பாளையங்கோட்டையில் எட்டாயிரத்துக்கு வீடு கிடைக்குமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு அம்பாசமுத்திரம். மகனுக்குப் பாளையங்கோட்டையில் காலேஜ் கிடைத்துவிட்டதால் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். வாடகை எட்டாயிரத்துக்கு மேல் தாங்காது. புரோக்கர் ஒருவர், ‘வாடகையே வேண்டாம், நாலு லட்சத்துக்கு ஒத்தி வீடு இருக்கு’ என்கிறார். எது லாபம்?

பதில்: ஒத்தி என்றால் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அதை உடனே தள்ளிவிட வேண்டாம். ஆனால் வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலு லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்திப் பத்திரம் பதிய வேண்டும். அதற்கு முன்னால், வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு ஏற்கனவே பேங்க் கடனில் இருந்தால், தவணை கட்டாத அன்றைக்கு பேங்க்காரர்கள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பதிய மாட்டேன் என்று வீட்டுக்காரர் இழுத்தால் அந்த வீடு வேண்டாம்.

வாடகைதான் என்றால் பெருமாள்புரம், மகாராஜ நகர்ப் பக்கம் எட்டாயிரத்துக்குக் கஷ்டம்தான். கே.டி.சி. நகர் உள்தெருக்களிலும், பாளையில் பழைய வளவு வீடுகளிலும் (ஒரே வளாகத்துக்குள் வரிசையாக இருக்கும் வீடுகள்) கேட்டுப் பாருங்கள். புரோக்கரை மட்டும் நம்பாமல் சாயங்காலம் தெருவில் ஒரு நடை நடந்து, மளிகைக் கடையில் விசாரியுங்கள். போர்டு மாட்டாத வீடெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

வீட்டுக்குள் போனதும் பட்டாசல் (ஹால்) எவ்வளவு பெரிது என்று பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் அடுக்களைக் குழாயைத் திறங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் தண்ணீர் உப்பு. அப்புறம் குடிக்க மாசாமாசம் கேன் வாங்க வேண்டியதுதான். தாமிரபரணி ஓடுகிற ஊரில் கேன் வாங்குவது ஒரு கொடுமை! ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் ‘தினமும் வருது’ என்றுதான் பதில் வரும்.

அடுத்தது மீட்டர். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட். நான் குடியிருந்த ஒரு மாடி வீட்டில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஃபேன் காற்றிலேயே போய்விட்டது.

வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் கணக்கு. ஆனால் நீங்களே ஒப்புக்கொண்டு அக்ரிமென்ட்டில் கூடுதலாக எழுதிவிட்டால் சட்டம் கைகொடுக்காது. அதனால் எழுதுவதற்கு முன்பே பேசிக் குறையுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.