நாலரை வயசுப் பாப்பாவோட மசாய் மாரா

அக்கா வணக்கம். நாங்க வேளச்சேரில இருக்கோம், பொண்ணுக்கு நாலரை வயசு, எல்கேஜி. ரெண்டு வருஷமா சேத்து வெச்ச காசுல கென்யா சஃபாரி போலாம்னு வீட்டுக்காரர் ஆசைப்படறார். ஏஜென்ட் 7 நாள்ல அம்போசெலி, நகுரு, நைவாஷா, மசாய் மாரான்னு நாலு எடம் போட்டு குடுத்திருக்கார். ஏப்ரல் மே லீவுல போனா வசதி. ஆனா எங்க அத்தை, பச்சப்புள்ளைய காட்டுக்கு எதுக்கு இழுத்துட்டு போறீங்க, காய்ச்சல் கீய்ச்சல் வந்தா யார் பாக்கறதுன்னு கேக்கறாங்க. எனக்கு இன்னொரு பயமும் இருக்கு, சிங்கம் எதையாவது அடிச்சு திங்கறத பாப்பா பாத்துட்டா மனசுல தங்கிடுமா? நாங்க அவசரப்படறோமா? பேர் போட வேண்டாம் அக்கா.

வணக்கம்மா. போய்ட்டு வாங்க. ஆனா அந்த நாலு எடத்துல மூணை இன்னைக்கே அடிச்சிடுங்க. மாராவுல 4 ராத்திரி, நைரோபில 2 ராத்திரி, அவ்ளோதான்.

ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா என் பையனுக்கு அஞ்சு வயசுல நாங்க இதே மாதிரி ஒரு ப்ளான்லதான் போனோம். மேப்ல பாத்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் தெரியும், ஆனா நைரோபிலேர்ந்து மாரா போகவே ரோட்ல அஞ்சாறு மணி நேரம், அம்போசெலிலேர்ந்து நகுருன்னா ஒரு பகல் பூரா வண்டிலயே போயிடும், அவன் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான், நாலாம் நாள் காலைல வண்டிக்கதவ பாத்ததுமே "வேணாம்மா, ரூம்லயே இருக்கலாம்மா"ன்னு அழ ஆரம்பிச்சிட்டான். அன்னிக்கு நான் அவனோட ரூம்லயே இருந்திருக்கணும், காசு குடுத்தாச்சேன்னு தூக்கி உக்கார வெச்சேன். இன்னிக்கும் அது என் மனசுல உறுத்துது.

அவனுக்கு இப்ப 11 வயசு. அந்த ட்ரிப்ல என்னடா ஞாபகம் இருக்குன்னு கேட்டா சாணி உருட்ற வண்டுன்னுதான் சொல்வான். தூரத்துல ஒரு சிங்கம் தூங்கிட்டு இருந்துது, அது எந்திரிக்கும்னு பெரியவங்க எல்லாரும் பைனாகுலர வெச்சுட்டு காத்திருந்தோம், அவன் ஜன்னல் வழியா கீழ பாத்துட்டு இருந்தான், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு வண்டு தன்னவிட பெரிய சாணி உருண்டைய பின்னங்காலால தள்ளிட்டு போகுது, 20 நிமிஷம் அசையாம அதையே பாத்தான். சின்னப் புள்ளைக்கு பைனாகுலர் கண்ணுல நிக்காது, கூரைய தூக்கிவிட்ட வேன்ல நின்னாலும் எட்டாது. அதோட உயரத்துக்கு கிட்ட இருக்கறதுதான் அதோட காடு. அதனாலதான் எடத்த குறைங்க, ஒரே எடத்துல நேரத்த கூட்டுங்கன்னு சொல்றேன். அதுல மிச்சமாகிற காச அப்படியே தனி வண்டிக்கு போடுங்க, வேற குடும்பத்தோட ஷேரிங் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏன்னா பாப்பா "போலாம்"னு சொன்னா அந்த நிமிஷமே திரும்பணும்.

எப்ப போறதுன்னு கேட்டா ஏப்ரல் மே வேண்டாம். மார்ச்லேர்ந்து மே வரைக்கும் அங்க பெருமழை, மாராவோட கரிசல் மண்ணுல வண்டி சிக்கினா மணிக்கணக்கா நிக்கணும். காலாண்டு லீவுல, செப்டம்பர் கடைசில போனா வில்டபீஸ்ட்னு மாடு மாதிரி இருக்கற ஒரு வகை மான் லட்சக்கணக்குல மாராவுல இருக்கும், ஆத்த கடக்கறத பாக்கறதுக்குன்னே ஜனம் வரும், ஆனா ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணமே 200 டாலர், ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் அதுல பாதி, 100. உங்க பாப்பாவுக்கு அந்தக் கூட்டம் வேணுமா? சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருஷம் பூரா மாராவுலதான் இருக்கு. பொங்கல் லீவோட நாலஞ்சு நாள் சேத்து லீவு போட்டு ஜனவரி நடுவுல போங்க, மழையும் கம்மி. எல்கேஜில ஒரு வாரம் போகலன்னா ஒண்ணும் ஆயிடாது.

இன்னொரு சௌகரியம், நம்ம மணிக்கு அங்க ரெண்டரை மணி நேரம் பின்னாடி. இங்க ஏழு மணிக்கு எந்திரிக்கிற புள்ள அங்க நாலரைக்கே கண்ண முழிச்சிடும், காலை ஆறு மணி ரவுண்டுக்கு நீங்க எழுப்பவே வேண்டாம். அதே கணக்குல சாயங்காலம் ஆறரைக்கு சொக்கிடும். அதனால பாப்பாவுக்கு காலைல மட்டும் ஒரு ரவுண்டு, சாயங்காலம் நீங்க ஒரு நாள், அவர் ஒரு நாள் போய்ட்டு வாங்க, இன்னொருத்தர் பாப்பாவோட இருங்க. காலைல நல்லா குளிரும், மாரா 1,500 மீட்டருக்கு மேல இருக்கு, நம்ம சென்னைப் புள்ளைங்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கண்டிப்பா வேணும். கருநீலமும் கறுப்பும் போட்டு விடாதீங்க, ட்செட்சின்னு ஒரு கடிக்கிற ஈ இருக்கு, அந்தக் கலரத் தேடி வரும். நெனச்ச எடத்துல வண்டிய விட்டு இறங்க முடியாது, அதனால பாப்பா ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற சின்ன பாட்டி (potty) சீட் ஒண்ணு கூடவே இருக்கட்டும். முறுக்கெல்லாம் ப்ளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, 2017லேர்ந்து கென்யாவுல கவருக்கு தடை, டப்பாவுல எடுத்துட்டு போங்க. சாப்பாட்டுக்கு கவலையே வேண்டாம், சப்பாத்தி அங்க அதே பேர்லயே கெடைக்கும், உகாலின்னு மக்காச்சோள மாவுல நம்ம களி மாதிரியே ஒண்ணு பண்ணுவாங்க.

உங்க அத்தை காய்ச்சல் பத்தி கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அத தட்டிக் கழிக்காதீங்க. மாராவுல மலேரியா உண்டு. கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே உங்க குழந்தை டாக்டர்கிட்ட போங்க, தடுப்பு மாத்திரை எடைக்கு ஏத்த மாதிரி அவர்தான் எழுதணும், பெரியவங்க மாத்திரைய நீங்களா உடைச்சு குடுக்காதீங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி மூணு பேருக்குமே வேணும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும், அது இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே தனியா பிடிச்சு வெச்சிடுவாங்க. பாப்பாவுக்கு முட்டை அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. சர்டிஃபிகேட்ல பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கணும், நம்ம இனிஷியல் கொழப்பம் தெரியும்ல.

இப்ப உங்க பயம். எங்க முன்னாடியே ஒரு பெண் சிங்கம் வரிக்குதிரைக் குட்டிய தின்னுட்டு இருந்துது. என் கை தானா அவன் கண்ண மூடப் போச்சு, அவன் தள்ளி விட்டுட்டான். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அதோட அம்மா அத தேடுமா?"ன்னு கேட்டான். தேடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, "தேடும்டா"ன்னேன். அவன் பேசவே இல்ல. நான் சொன்னது தப்போன்னு வயித்த கலக்குது. அப்ப ட்ரைவர் திரும்பி, அந்த சிம்பாவுக்கும் புதர்ல மூணு குட்டி இருக்குன்னு மெதுவா சொன்னார், சிம்பான்னா ஸ்வாஹிலில சிங்கம். ராத்திரி படுக்கும்போது அவன் கேட்டது, "அந்த மூணு குட்டியும் சாப்ட்டிருக்குமாம்மா?" ரெண்டு அம்மாவையும் அவனால ஒரே மனசுல வெச்சுக்க முடிஞ்சுது. என்னால அன்னிக்கு முடியல. அதனால தூங்குது, வெளையாடுதுன்னு பொய் சொல்லாதீங்க. கேட்டத மட்டும் சொல்லுங்க, போதும்னா வண்டிய திருப்பச் சொல்லுங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒத்திகை பாத்துடுங்க. மொதல்ல வண்டலூர், அங்க ரகசியக் கொரல்ல மட்டும் பேசற வெளையாட்ட பழக்குங்க. அப்புறம் முதுமலை தெப்பக்காடு யானை முகாம், நைட் ட்ரெய்ன்ல மேட்டுப்பாளையம் போய் மேல ஏறிடலாம். அங்க பாப்பா வண்டில எவ்ளோ நேரம் பொறுமையா இருக்கான்னு பாத்தாலே மாராவுக்கு கணக்கு தெரிஞ்சிடும். உங்க அத்தையையும் கூட்டிட்டு போங்க. முகாம்ல ராகி உருண்டைய யானை வாய்ல ஊட்டுவாங்க, அத பாத்துட்டு பாட்டியும் பேத்தியும் என்ன பேசிக்கறாங்கன்னு எனக்கு எழுதுங்க.