ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் யார் நாகரிகமானவர், யார் நாகரிகமற்றவர்?

கல்லூரியில் இந்த நாவல் எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஊர் என்றால் நாகரிகம், ஆறு என்றால் சுதந்திரம் என்று கைடில் ஒரே வரியில் விடை போட்டிருந்தார்கள். அதையே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பல வருடம் கழித்து முழுசாகப் படித்தபோதுதான் அந்த வரி எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது.

மார்க் ட்வைன் எழுதிய இந்நாவல் அமெரிக்காவில் 1885இல் வெளியானது. கதை அதற்கு நாற்பது ஐம்பது வருடம் முன்னால், அடிமை முறை இருந்தபோது, மிசிசிப்பிக் கரையில் நடக்கிறது. குடிகாரனின் மகன் ஹக்கை டக்ளஸ் என்ற விதவை வீட்டில் வைத்து மனுஷனாக்கப் பார்க்கிறார். புதுச்சட்டை, மணியடித்தால் சாப்பாடு, சாப்பிடும் முன் ஜெபம். அவன் புகை பிடிக்கக் கூடாதாம்; அந்த அம்மாள் மட்டும் பொடி போடுவார். அவருடைய சகோதரி மிஸ் வாட்சன் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுப்பார். அதே மிஸ் வாட்சன்தான் தன் அடிமை ஜிம்மை 800 டாலருக்கு விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார். அது காதில் விழுந்ததும் ஜிம் ஓடிவிடுகிறார்.

ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. வகுப்பில் கதை சொல்லும்போது மிஸ் வாட்சனை 'அவர்' என்போம், ஜிம்மை 'அவன்' என்போம். பிள்ளை குட்டிக்காரர் ஜிம். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

சரி, நாகரிகமே படாத ஆள் ஹக்கின் அப்பன். மகனைக் காட்டுக் குடிசையில் பூட்டிவைத்து அடிப்பவன். அவனுக்கு வரும் பெரிய ஆத்திரம் என்ன தெரியுமா? ஒஹாயோவில் படித்த கறுப்பர் ஒருவருக்கு ஓட்டுரிமை இருக்கிறதாம். ஆக, விதவையின் வீடும் இவன் குடிசையும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன. அப்பனிடமிருந்து தப்பிய ஹக்கும் ஓடிவந்த ஜிம்மும் தெப்பத்தில் சேர்ந்து போகும் ஆற்றிலும் அதே கதைதான். 'ராஜா' என்று சொல்லிக்கொண்டு தெப்பத்தில் ஏறிய எத்தன், ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிடுகிறான்.

எனக்கு மறக்காத இடம் கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பம். கதவில் பித்தளைக் குமிழ் வைத்த வீடு. காலையில் அப்பா அம்மா வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அந்தக் குடும்பத்துக்கும் ஷெப்பர்ட்சன் குடும்பத்துக்கும் முப்பது வருடப் பகை. எதனால் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பும் துப்பாக்கியோடு தேவாலயத்துக்கு வந்து, அதை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு சகோதர அன்பு பற்றிய பிரசங்கம் கேட்கிறார்கள். நல்ல பிரசங்கம் என்று மெச்சியபடியே வீடு திரும்புகிறார்கள். மறுநாள் சுட்டுக்கொள்கிறார்கள். ஹக் வயதுப் பையன் பக் சாகிறான்.

என் கணக்கில், மூடுபனியில் ஹக்கும் ஜிம்மும் பிரிந்துபோய்த் தவித்த இரவுக்குப் பிறகு வரும் பதினைந்து நிமிடம்தான் நாவலிலேயே நாகரிகமான நேரம். ஹக் விளையாட்டாக ஜிம்மை ஏமாற்றுகிறான். நண்பனை அவமானப்படுத்துகிறவன் குப்பை என்று ஜிம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஒரு அடிமையிடம் மன்னிப்புக் கேட்க ஹக்குக்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஆனால் கேட்கிறான்.

அப்புறம் அந்தக் கடிதம். ஜிம் இருக்கும் இடத்தை மிஸ் வாட்சனுக்கு எழுதிவிட்டு, பிறகு நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப்போடுகிறான். தான் செய்வது பாவம் என்றே நம்புகிறான். ஊர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதனால் ஹக்தான் நாகரிகமானவன் என்று முடித்துவிடலாமா? அடுத்த அத்தியாயத்தில் படகு விபத்து என்று ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று, ஜிம்மைத் தேடி அவன் போய்ச் சேர்ந்த பண்ணை வீட்டு அம்மாள் சாலி அத்தை கேட்கிறார். தங்கமான மனுஷி. "இல்லை, ஒரு கறுப்பன் செத்தான்" என்கிறான் ஹக். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கே அடிபட்டுவிடும் என்கிறார் அவர்.