‘பைய’ என்று எழுதினால் தவறா?

கேள்வி: என் கணவருக்குத் திருநெல்வேலி. சென்னையில் எங்களோடு இருக்கும் மாமியார் எதற்கெடுத்தாலும் ‘பைய’ என்பார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘ஆமை பையப் போனது’ என்று எழுத, ஆசிரியை அதை அடித்துவிட்டு ‘மெதுவாக’ என்று திருத்தியிருக்கிறார். ‘பைய’ கொச்சைச் சொல்லா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இல்லவே இல்லை. உங்கள் மகள் எழுதியது நல்ல தமிழ். ‘ப்’ கூட விடாமல் எழுதியிருக்கிறாளே, பாராட்டுங்கள். ‘பையச் சென்றால் வையம் தாங்கும்’ என்பது ஔவையாரின் கொன்றை வேந்தன். குறளிலும் இந்தச் சொல் உண்டு. குறிப்பறிதல் அதிகாரத்தில் அவன் பார்க்க, அவள் ‘பைய நகும்’ (1098). அந்த இடத்தில் ‘பைய’ என்றால் மென்மையாக.

தென்மாவட்டப் பேச்சிலும் அப்படித்தான், வேகத்தை மட்டும் அது சொல்வதில்லை. ‘படி வழுக்கும், பைய இறங்கு’ என்றால் அதில் கவனமும் சேர்ந்திருக்கிறது. ‘பிள்ள தூங்குது, பையப் பேசு’ என்றால் குரலைத் தாழ்த்த வேண்டும். ‘பைய நழுவிட்டான்’ என்றால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டான்.

எனக்கு மிகவும் பிடித்த ‘பைய’ சம்பந்தருடையது. மதுரையில் அவர் தங்கியிருந்த மடத்துக்குத் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ ‘பையவே சென்று பாண்டியற்கு ஆகவே’ என்று பாடுகிறார். அது அரசனை வெப்பு நோயாகப் பற்றுகிறது. சரி, கோபத்தில் பாடியவர் ஏன் ‘பையவே’ என்றார்? சேக்கிழார் பெரியபுராணத்தில் நின்று காரணம் சொல்கிறார்: அரசி மங்கையர்க்கரசியாரின் தாலி நிலைக்க வேண்டும், அரசன் திரும்பவும் சைவத்துக்கு வர வேண்டும், சம்பந்தர் கையால் திருநீறு பூசப்பெறும் பேறும் அவனுக்கு இருக்கிறது. ஒரு உயிர் பிழைக்க இடம் விட்ட சொல் அது. அதைப் போய்க் கொச்சை என்று அடிக்கலாமா?

ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ‘மெதுவாக’வும் சரியான சொல்தான், வடக்கே பிறந்து வளர்ந்தவர் என்றால் ‘பைய’ அவர் காதில் விழாமலே இருந்திருக்கலாம். கொன்றை வேந்தன் வரியை நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், போதும். அப்புறம், மாமியாரிடம் ‘பையத் தின்றால் பனையையும் தின்னலாம்’ தெரியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவரிடம் இன்னும் நிறைய இருக்கும்.