கறவை நேரத்தை ஒட்டி ஒரு பத்தாம் வகுப்பு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றி என்னிடம் யோசனை கேட்க, பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி போன வாரம் வந்திருந்தார்கள். மூன்று கறவை மாடு, கொஞ்சம் தென்னை. மகளுக்குப் பதினாலு முடிந்துவிட்டது, மகனுக்கு ஒன்பது. கொரோனா சமயத்தில் வீட்டோடு படிக்க ஆரம்பித்தவள் அந்தப் பெண். பள்ளி திறந்த பிறகும் அனுப்பவில்லை. பையன் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை.

அம்மா பையிலிருந்து ஒரு சார்ட் அட்டையை எடுத்து விரித்தார். ஒன்பது மணிக்குக் கணக்கு, ஒன்பதே முக்காலுக்கு அறிவியல், பத்தரைக்கு இன்டர்வெல். “ஒரு நாள்கூட இது முழுசா நடந்ததில்லீங்க அக்கா” என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நானும் வழக்கம்போல, பரவாயில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அப்பா விஷயத்துக்கு வந்தார். பெண்ணின் தாய்மாமன் பாலக்காடு டவுனில் இருக்கிறார். நீட் கோச்சிங்கோடு சேர்ந்த ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியைப் பார்த்து வைத்திருக்கிறாராம். ஃபீஸில் பாதியை அவர் கடனாகத் தருவார், மீதிக்கு இரண்டு மாட்டை விற்க வேண்டும்.

அதைக் கேட்டதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். மாட்டை விற்காதீர்கள். மச்சானிடம் கடனும் வாங்காதீர்கள். சொந்தத்தில் வாங்கும் கடனுக்கு வட்டி பணத்தில் வராது. பெண்ணின் ஒவ்வொரு மார்க்கையும் கேள்வி கேட்கும் உரிமையாக வரும். நாளைக்கு அவள் டாக்டராகவில்லை என்றால் அந்தப் பேச்சை யார் தாங்குவது? அவளா?

கூட வந்திருந்த பெண்ணிடம் தனியாகப் பேசினேன். டாக்டர் பேச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டவள், பால் சொசைட்டி என்றதும் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம். காலைப் பால் எத்தனை லிட்டர், மதியப் பால் எத்தனை, சொசைட்டிக்காரர் சொன்ன கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர பாலில் உள்ள மற்றத் திடப்பொருள்), அன்றைய விலை. சொசைட்டிச் சீட்டு மலையாளத்தில் வரும். அதைப் படித்துப் படித்தே மலையாளம் வாசிக்கப் பழகியிருக்கிறாள். ஓர் இடத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: ‘மதியப் பாலில் மட்டும் ஏன் கொழுப்பு கூடுது?’ மூன்று வாரக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறாள். விடிகாலைக் கறவைக்கும் மதியக் கறவைக்கும் நடுவே இடைவெளி குறைவு. இடைவெளி குறைந்தால் பாலின் அளவு குறையும், கொழுப்பு விகிதம் கூடும். சொன்னதும், “அப்போ ராத்திரி ஒரு தடவை கறந்தா?” என்று கேட்டாள். இந்தப் பெண்ணை ஹாஸ்டலில் அடைக்க இரண்டு மாடா?

“அப்ப சர்டிபிகேட்டுக்கு என்ன பண்றதுங்க?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. திரும்பப் பள்ளியில் சேர்ப்பது, டியூஷன் சென்டர் மூலம் எழுதுவது பற்றியெல்லாம் அவர்களுக்கே தெரியும், நான் அதற்குள் போகவில்லை. நான் சொன்னது என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. கேரளத்துக்கு மண்டல அலுவலகம் கொச்சியில் இருக்கிறது.

பதினாலு வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். டி.சி. இல்லையே என்று பயப்பட வேண்டாம், படிக்கும் தகுதி இருக்கிறது என்று நாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். தமிழையும் எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடத்தில் பாஸானால் அது அவள் கணக்கில் அப்படியே நிற்கும், மீதியை அடுத்தடுத்து எழுதலாம். வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் அசைன்மென்டுக்கும் இருபது சதவீத மதிப்பு உண்டு. கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், லட்சத்துக்கு வேலையே இல்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வைப்பது. நானும் ஒரு பையனை அப்படி எழுத வைத்துக் கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயிலாக விட்டிருக்கிறேன், இன்றைக்கும் உறுத்துகிறது. இவளுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை: முதல் தேர்வில் தமிழும் மனையியலும், அடுத்ததில் ஆங்கிலம், மூன்றாவதில் கணக்கு, கடைசியாக அறிவியல். பதினேழுக்குள் தாராளமாக முடியும்.

அந்தச் சார்ட்டைச் சுருட்டி என் மேஜைக்கடியில் போட்டுவிட்டேன். பெல் இல்லாத வீட்டில் முக்கால் மணிக்கு ஒரு பீரியட் எப்படி நடக்கும்? விடிகாலையில் கறவை, சொசைட்டி, குளியல், சாப்பாடு. எட்டரையிலிருந்து பதினொன்று வரை ஒரே பாடம், அந்தத் தேர்வுக்கு உரியது மட்டும். அந்த நேரத்தில் அம்மா அடுப்படிக்குப் போகக்கூடாது; சமையலைக் காலையிலேயே முடிக்க வேண்டும், அல்லது அப்பா முடிக்க வேண்டும். (அப்பா கூரையைப் பார்த்தார்.) பையன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும், வரையட்டும், அவனுக்கு இப்போது தேர்வு எதுவும் வேண்டாம். மதியக் கறவைக்குப் பிறகு அக்காவின் நோட்டில் அன்றைய சராசரியை அவன் போடட்டும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரின் அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஒரு சிறு மாறிலியையும் சேர்த்தால் ஏறக்குறைய எஸ்.என்.எஃப். வந்துவிடும். அவளுக்கு அல்ஜீப்ரா அங்கிருந்தே தொடங்கும்.

ஞாயிறு விடுமுறை. மாட்டுக்குக் கிடையாது, புத்தகத்துக்கு உண்டு.

மாமன் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: ஓபன் ஸ்கூலில் படித்தால் நீட் எழுத முடியாதே? அது பழைய கதை. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் எழுதலாம் என்பது 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தெளிவாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி அவரைச் சமாதானம் செய்யாதீர்கள், பிறகு அதையே பிடித்துக்கொள்வார். திருச்சூர் பக்கத்து மண்ணுத்தியில், வெண்மைப் புரட்சி செய்த வர்கீஸ் குரியன் பெயரில் பால் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தால் அந்தப் பக்கமும் அவள் யோசிக்கலாம். யோசிக்க வேண்டியது அவள்.

அடுத்த முறை பிறப்புச் சான்றிதழையும் அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாமன் வருவதானால் வரட்டும், பதினொன்றுக்கு மேல்தான். அதற்கு முன்னால் தமிழ்ப் பாடம் நடக்கும்.