வாசகர் கேள்வி பதில்: சேமநிதியில் வரி இலாகா கை வைக்குமா?

கேள்வி: வயது 57. தோட்டத்து வேலையை விட்ட பிறகு சொந்த லோரியில் செம்பனைக் குலை ஏற்றினேன். 2023க்கு வரி பாரம் அனுப்பவில்லை. இப்போது 14,080 வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சேமநிதியில் 90,000 இருக்கிறது. வரி இலாகா பிடிக்கும் முன் அதை எடுத்து மகள் கணக்கில் போட்டுவிடு என்கிறார்கள். போடலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். அந்த யோசனை தலைகீழானது. 1991ஆம் ஆண்டு மலேசிய ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 51வது பிரிவுப்படி எந்தக் கடனுக்காகவும் சேமநிதிப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. வரிப் பாக்கியும் அதில் அடக்கம். நீங்கள் திவாலானாலும் அது கடன்காரர்களுக்குப் போகாது. வெளியே எடுத்து பேங்கில் போட்டால் அந்த வேலியை நம்ப முடியாது. இலாகா வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால், பேங்கில் கிடக்கும் பணத்தை நேராகத் தன் பக்கம் திருப்பக் கோர்ட்டில் உத்தரவு கேட்கலாம். ஆகவே பணம் அக்காவுன் 55இலேயே (55 வயதானதும் சேமநிதிப் பணம் சேரும் கணக்கு) இருக்கட்டும், டிவிடெண்டும் ஏறும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியதை மட்டும் அவ்வப்போது எடுங்கள்.

அடுத்து அந்தத் தொகை. 12,800 வரி, கெடுவுக்குள் கட்டாததால் 10 விழுக்காடு கூடுதல் 1,280. பாரம் வராதபோது இலாகா தன் கணிப்பில் போடும் வரி இது. உங்கள் டீசல் ரசீது அதற்குத் தெரியாது. வாடகை வரவு 70,000, டீசல், டயர், ரிப்பேர், கூலி 42,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 28,000. சொந்தக் கழிவு 9,000 போக 19,000. முதல் 5,000க்கு வரி இல்லை, அதற்கு மேல் 1 விழுக்காடு, ஆக 140 வெள்ளி. வரி விதிக்கும் வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 வரை தள்ளுபடி. வரியே மிஞ்சாது! பாரம் அனுப்பாத குற்றத்துக்கு அபராதம் தனியாக வரலாம், அது வேறு விஷயம்.

இன்றே வரவுசெலவு எழுதி சொந்தத் தொழிலுக்கான 'பி' (B) பாரத்தை நிரப்புங்கள். மதிப்பீட்டுக் கடிதம் வந்த 30 நாளுக்குள் 'கியூ' (Q) பாரத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். நாள் கடந்திருந்தால் 'என்' (N) பாரத்தில் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: மேல்முறையீடு போட்டால் கட்டுவது நிற்காது. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 'தொகை அதிகம்' என்ற வாதத்தை நீதிபதி கேட்கவே மாட்டார், சட்டமே தடுக்கிறது. எனவே மேல்முறையீட்டோடு தவணையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இயலாமை பென்ஷன் வருகிறது. முன்பு நடத்திய கடைக்கு வரி பாக்கி. பென்ஷனைப் பிடிப்பார்களா? – வாசகி, பீடோர்

பதில்: சொக்சோ சட்டத்திலும் உதவித்தொகையை ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பென்ஷனுக்கு வரியும் கிடையாது, வருமானமாகக் காட்ட வேண்டாம். ஆனால் கணக்கில் விழுந்ததும் வேறு காசும் பென்ஷனும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எது என்று காட்டுவது கஷ்டம். பென்ஷனுக்கென்று தனிக் கணக்கு திறங்கள், வேறு எதையும் அதில் போடாதீர்கள். பேங்க் லோன் இருந்தால் அதே பேங்கில் திறக்க வேண்டாம்.

கணவரிடம் சமூக நல இலாகாவின் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால், கடையின் வரிக் கணக்கில் கூடுதல் கழிவு உண்டு: 2024 வரை 6,000, 2025இலிருந்து 7,000.

கேள்வி: அரசாங்க பென்ஷன் வாங்குகிறேன், பகலில் வாட்ச்மேன் வேலை. சிபி38 என்று ஒரு கடிதம் வந்ததாக முதலாளி சொல்கிறார். – வாசகர், தாப்பா

பதில்: சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் உள்ள வேலி சம்பளத்துக்கு இல்லை. மாதாமாதம் இவ்வளவு பிடித்துக் கட்டு என்று இலாகா முதலாளிக்குப் போடும் உத்தரவுதான் சிபி38. முதலாளி மறுக்க முடியாது, அவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை. பென்ஷன் கொடுக்கும் இடத்துக்கும் அப்படி உத்தரவு போக வழி உண்டு. சம்பளச் சீட்டு, மருந்துச் சீட்டு, வீட்டு வாடகை ரசீதுடன் கிளைக்குப் போய் மாதத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். வாயால் பேசியது போதாது, முதலாளிக்குத் திருத்திய உத்தரவு போக வேண்டும்.

பாக்கி நிற்கும்போது வெளிநாட்டுப் பயணத் தடையும் போடலாம். ஊருக்கு, பழனிக்கு என்று டிக்கெட் எடுக்கும் முன் குடிநுழைவு இலாகாவின் இணையச் சோதனையில் உங்கள் ஐசி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏர்போர்ட்டில் தெரிந்தால் டிக்கெட் காசும் போகும்.