மலைப் பள்ளிக்கு வந்து சேரும் பணம்: வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாடு தன் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் முறையை அடியிலிருந்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும், அந்த ஆய்வு தலைமைச் செயலகத்தின் மொத்தக் கணக்கில் தொடங்காமல் ஒவ்வொரு பள்ளியின் ரொக்கப் பதிவேட்டில் தொடங்க வேண்டும் என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 17 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண்டு மானியம் 10,000 ரூபாய்தான் என்கிறார்கள். கீழே சேலத்தில் என் தங்கை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய் வருகிறதாம். நாங்கள் மலையில் இருப்பதுதான் குற்றமா ஐயா?
– பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய், நாகலூர், ஏற்காடு வட்டம்

அம்மா, உங்கள் பள்ளியை யாரும் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கவில்லை. ஆனால் விதியே உங்களுக்குப் பாதகமாக அமைந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தரப்படும் இந்தக் கூட்டு மானியம் பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பார்த்து வருவது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். மின்கட்டணம், குடிநீர், சுண்ணக்கட்டி, பழுதான பொருள்களை மாற்றுவது, கற்றல் கருவிகள் எல்லாமே இந்தப் பணத்தில்தான். அதிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்ப்பவருக்கு உங்கள் பள்ளிதான் வசதியான பள்ளியாகத் தெரியும். பத்தாயிரத்தை 17 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 588 ரூபாய். 240 பிள்ளைகள் உள்ள நகரப் பள்ளியில் தலைக்கு 208 ரூபாய்தான் வருகிறது. "மலைப் பள்ளிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தருகிறோம்" என்று ஓர் அதிகாரி சொன்னால் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் செலவுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கூரையில் ஓர் ஓடு உடைந்தால் 17 பேருக்கும் அது ஒழுகும், 240 பேருக்கும் ஒழுகும். தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனால் சேலத்துப் பள்ளி தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளும். உங்கள் ஊருக்கு அவரைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏற்றி, ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆறு ஆண்டுகளை ஒரு மலைப் பள்ளியில் கழித்தேன். அங்கே மானியம் பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில்தான் வந்து சேரும். ஜூன் மாதம் வாங்க வேண்டிய சுண்ணக்கட்டியையும் கரும்பலகைக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தையும் நானும் உடன் பணியாற்றிய ஆசிரியையும் கைக்காசில் வாங்கினோம். அது எங்களுக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தச் செலவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், அந்தப் பள்ளிக்குக் கொடுத்த பணம் போதுமானதாக இருந்தது என்றே அரசின் கணக்கு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணம்தான் என்னை இந்த விஷயத்தில் விடாமல் எழுத வைக்கிறது.

படிமுறையில் இன்னொரு குறையும் இருக்கிறது. 31 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியிலிருந்து, பிழைப்புத் தேடி வெளியூர் போகும் ஒரு குடும்பம் தன் பிள்ளையை அழைத்துச் சென்றுவிட்டால், மானியம் 25,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகச் சரிந்துவிடும். ஒரு பிள்ளை விலகியதால் எந்தப் பள்ளியின் செலவும் 15,000 ரூபாய் குறைந்துவிடாது. எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஓர் அடிப்படைத் தொகை, அதன்மேல் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு தொகை, மலையிலும் ஒதுக்குப்புறத்திலும் உள்ள பள்ளிகளுக்குத் தொலைவைக் கணக்கிட்டு இன்னொரு தொகை என்று மூன்றையும் பிரித்துக் கொடுத்தால் இந்தச் சரிவே ஏற்படாது. மறுஆய்வில் முதலில் திருத்த வேண்டியது இது என்பேன்.

2025–26ஆம் ஆண்டுக்குப் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியதாகப் படித்தேன். இவ்வளவு பணம் இருந்தும் எங்கள் பகுதிப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்கிறார்களே, அது எப்படி?
– வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

தொகை சரிதான். 2021–22இல் அது 32,599 கோடியாக இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 43 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர், அலுவலர் சம்பளம். அதைக் குறையாகச் சொல்லக் கூடாது, ஏனென்றால் பள்ளிக்கூடம் என்பதே ஆசிரியர்தான். ஆனால் பணம் பணியிடத்தைப் பின்தொடர்ந்து செல்கிறது. ஆகஸ்ட் முதல் தேதியன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒவ்வொரு பள்ளிக்கும் எத்தனை பணியிடம் என்று நிர்ணயிக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் மாறுதலாகிக் கீழே இறங்கி, அந்த இடம் ஓர் ஆண்டு நிரப்பப்படாமல் கிடந்தால், அவருக்கான சம்பளம் அந்தப் பள்ளிக்கு வேறு எந்த வடிவிலும் வந்து சேராது. செலவாகாத ஒதுக்கீடாக அது மார்ச் மாதத்தில் அரசுக்கே திரும்பிவிடும். அப்படிப் பார்த்தால், ஆசிரியர் இல்லாத பள்ளி ஒவ்வொரு மாதமும் தன் பங்கிலிருந்து அரசுக்குச் சேமித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலியிடத்தால் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் இழந்த தொகை எவ்வளவு என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். சேலம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு பட்டியல் வந்தால், ஏற்காடு ஒன்றியமும் நகரமும் அதில் எங்கெங்கே நிற்கின்றன என்று நாம் எல்லோரும் பார்க்கலாம்.

காலை உணவுத் திட்டச் செலவும் இந்த 46,767 கோடிக்குள் வருகிறதா?
– அங்கன்வாடிப் பணியாளர், கொண்டலாம்பட்டி

வராது. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த அந்தத் திட்டம் சமூக நலத் துறையின் கணக்கில் இருக்கிறது. மதிய உணவும் அப்படித்தான். மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்துவதால் அவற்றின் செலவு அந்தத் துறையில் இருக்கிறது. எனவே சேர்வராயன் மலையில் 'மலையாளி' எனப்படும் மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அரசு மொத்தமாக எவ்வளவு செலவிடுகிறது என்று அறிய விரும்புபவர் மூன்று துறைகளின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் சட்டப்பேரவையில் வைக்கும் செலவுக் கணக்குகளை, பக்கத்தில் வைத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டலை அரசே செய்து தர வேண்டும்.

மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்கிறார்கள். மாநில அரசு தன் பணத்தில் பள்ளியை நடத்திக்கொள்ள முடியாதா? அதனால் மலைப் பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018இல் தொடங்கியது. அதில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தம் புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிறது என்பதால் தமிழ்நாடு அதில் கையெழுத்திடவில்லை. அதைத் தொடர்ந்து 2024–25ஆம் ஆண்டுக்கான மத்தியப் பங்கு, ஏறக்குறைய 2,152 கோடி ரூபாய், வராமல் நின்றது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கான தொகையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் கூறியது.

நிரந்தர ஆசிரியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி மாநிலக் கருவூலத்திலிருந்து வருவதால் பள்ளிகள் மூடப்படவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தின் பணத்தை நம்பியிருப்பவை எவை என்று பாருங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள், பள்ளி இல்லாத குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்து வசதி, மேலே சொன்ன அந்தப் பத்தாயிரம் ரூபாய் மானியம் ஆகியவை எல்லாம் இதில்தான் வருகின்றன. நகரத்துப் பிள்ளை நடந்தே பள்ளிக்குப் போய்விடும். மலையில் வண்டி நின்றால் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடக்கூடும். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காக இந்தப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்தியதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குச் சென்றது. பொதுப் பட்டியல் என்பதற்குப் பொதுப் பொறுப்பு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

மாநிலம் தன் பணத்தில் நடத்திக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். வருமான வரியோடு நாம் செலுத்தும் 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. மத்திய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரிகளிலும், 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்த பங்கு 4.079 விழுக்காடு மட்டுமே. கல்வியின் பெயரில் வசூலிக்கும் மேல்வரி மத்திய அரசிடமே தங்கிவிடும்போது, மாநிலத்தை மட்டும் கைவிரிக்காதே என்று சொல்வது முறையாகாது.

நான் கட்டும் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பணம் எங்கள் தெருவில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறதா? கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன், அங்கே சொத்து வரியில்தான் பள்ளிகள் நடக்கின்றன என்கிறான்.
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம், சேலம்

கல்வி வரிக்கு 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் வழி செய்தது. நகர உள்ளாட்சிகள் அதைத் தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அந்தப் பணம் உங்கள் தெருப் பள்ளிக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. மாநகராட்சிப் பள்ளிகளின் பொதுத் தேவைக்கு உரியது. மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த நிதியின் ஆண்டு இருப்பைப் பாருங்கள். இருப்பு பெருகிக்கொண்டும் கழிப்பறைகள் பழுதாகிக்கொண்டும் இருந்தால், உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே கிடைத்துவிடும்.

தங்கள் மகன் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. அமெரிக்காவில் பள்ளிப் பணத்தில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்ததால், பங்களாக்கள் நிறைந்த ஊரின் பிள்ளைக்குக் கிடைத்தது ஏழை ஊரின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இதை எதிர்த்துத் தொடுத்த செரானோ வழக்கில் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1971இல், ஒரு பிள்ளையின் கல்வி அதன் ஊராரின் சொத்து மதிப்பைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. பின்னர் 2013இல் அந்த மாநிலம் தன் நிதி முறையையே மாற்றி எழுதியது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பு நிலைக்கேற்ப ஓர் அடிப்படைத் தொகை உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாமல் அதைப் புதிதாகக் கற்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பிள்ளை ஆகியோருக்கு அந்தத் தொகையில் 20 விழுக்காடு கூடுதலாகத் தருகிறார்கள். அத்தகைய பிள்ளைகள் 55 விழுக்காட்டுக்கு மேல் உள்ள கல்வி மாவட்டங்களுக்கு அதற்கு மேலும் ஒரு தொகை உண்டு. பணத்தை எப்படிச் செலவிடப் போகிறோம் என்று ஒவ்வொரு கல்வி மாவட்டமும் பெற்றோரின் கருத்தைக் கேட்டுத் திட்டம் எழுத வேண்டும்.

சொத்து வரியை நம்பும் முறை நமக்கு வேண்டாம். சேர்வராயனில் காப்பித் தோட்டத்துக் கூலிகளின் குடியிருப்பையும் நகரில் வசதியானவர்கள் வாழும் அழகாபுரத்தையும் ஒரே தராசில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சேலத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நன்கொடையை நம்புவதிலும் எனக்கு இதே அச்சம் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் நல்ல நோக்கம் கொண்டதுதான். ஆனால் வசதி பெற்ற முன்னாள் மாணவர்கள் உள்ள பள்ளியைத்தான் நன்கொடை எளிதில் தேடி வரும். நாகலூர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் பலர் இன்னும் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் தேவை இருக்கிறதோ அந்தப் பிள்ளையோடு கூடுதல் பணமும் செல்ல வேண்டும் என்ற அந்தக் கணக்கு முறையை மட்டுமே.

மறுஆய்வு அரசு செய்யும்போது செய்யட்டும். பெற்றோராகிய நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?
– பெற்றோர், வாழவந்தி, ஏற்காடு வட்டம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் 2024 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள். இந்த ஆண்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முன் யார் கைக்காசு போட்டார்கள், ஆசிரியர் பணியிடம் எத்தனை நாள் காலியாக இருந்தது. மூன்று பதில்களையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியரைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்க வேண்டாம், பெரும்பாலும் கைக்காசு போட்டவர் அவராகவே இருப்பார். அந்தத் தீர்மானத்தின் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கிடைத்த பதிலை அடுத்த கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பிவைத்தால், இந்தக் கேள்வி – பதில் பகுதியில் பள்ளியின் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிடுகிறேன்.